எக்ஸ்-43ஏ: முதல் பறப்பின் தோல்வி கற்பித்தது என்ன?

கேள்வி:
2001 ஜூன் 2 அன்று நாசாவின் ஆளில்லா சோதனை விமானமான எக்ஸ்-43ஏ பசிபிக் பெருங்கடலின் மேல் அழிந்தபோது அதன் ஸ்கிராம்ஜெட் (ஒலியைவிட வேகமாக உள்ளே பாயும் காற்றைக் கொண்டு எரிபொருளை எரிக்கும்) எஞ்சின் இயங்கத் தொடங்கியிருக்கவே இல்லை. அப்படியானால் ஹைப்பர்சானிக் (ஒலியைவிட ஐந்து மடங்குக்கு மேல் வேகமான) பறப்பைப் பற்றி அந்தத் தோல்வியிலிருந்து என்ன கற்க முடிந்தது?

மறுமொழி 1:
பழுது நேர்ந்தது அதைச் சுமந்து சென்ற பெகாசஸ் ராக்கெட்டில்தான். வழக்கமாக 40,000 அடி உயரத்தில் விடுவிக்கப்படும் அந்த ராக்கெட், இம்முறை பி-52 விமானத்திலிருந்து ஏறத்தாழ 24,000 அடியிலேயே விடுவிக்கப்பட்டதால், அடர்ந்த காற்றில் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அதன் துடுப்புகள்மீது மிகுந்த விசை விழுந்தது. சுமார் 13 வினாடிகளில் வலப்பக்கத் துடுப்பு முறிந்தது. விசாரணைக் குழு ஒரே காரணத்தைச் சுட்டவில்லை என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். காற்றியக்கத்துக்கும் துடுப்பை இயக்கும் அமைப்புக்கும் வகுத்த கணிப்பு மாதிரிகளில் இருந்த பிழைகள் ஒன்றுசேர்ந்து, கட்டுப்பாட்டு அமைப்பைத் தேவைக்கு மேல் நம்பவைத்திருந்தன.

மறுமொழி 2:
திருத்தமும் அங்கிருந்தே பிறந்தது. ராக்கெட்டின் எரிபொருளில் ஒரு பகுதியைக் குறைத்து, விடுவிக்கும் உயரத்தை மீண்டும் 40,000 அடியாக்கி, துடுப்பை இயக்கும் அமைப்பையும் வலுப்படுத்தினார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பிறகு?

மறுமொழி 2:
அடுத்த இரு பறப்புகளில் எட்டிய வேகம்: 2004 மார்ச்சில் மாக் 6.8 (ஒலியின் வேகத்தைப்போல் 6.8 மடங்கு), நவம்பரில் ஏறத்தாழ மாக் 9.6. இரண்டிலும் எஞ்சின் சுமார் பத்து வினாடிகள் எரிந்தது.