புதுப்பிப்பு: தங்கச்சி பேர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிட்டது

கானாடுகாத்தானில் இருக்கும் சித்தப்பா மகள், புதிதாகப் பேர் சேர்க்கப் போட்ட படிவம் 6, "முகவரியில் ஆள் இல்லை" என்று தள்ளுபடி ஆனதைப் போன மாதம் எழுதியிருந்தேன். மறுபடி போட்டோம், பேர் வந்துவிட்டது.

சிக்கல் வீட்டில்தான். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். இவர்கள் குடியிருப்பு பின்கட்டு. ஆதாரில் இருப்பதோ முகப்புக் கதவு எண். சரிபார்க்க வந்தவர் தேக்குக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டார். இந்த முறை வாக்காளர் உதவி எண்ணான 1950க்கு அழைத்து, வாக்குச்சாவடி நிலை அலுவலரின் எண்ணை வாங்கி, "அக்கா, பின்வாசல் பக்கமா வாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அவரும் வந்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைப் பார்த்து, அப்பத்தா கொடுத்த மோரையும் குடித்துவிட்டுப் போனார். அப்பத்தாவுக்குத்தான் ஆச்சரியம்: "எங்க காலத்துல இருபத்தொண்ணு ஆகணுமேடி!" உண்மைதான், 1989இல்தான் வாக்களிக்கும் வயது 18 ஆனது.

18 ஆகும் முன்பே விண்ணப்பிக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள்: 17 முடிந்தவர்கள் இப்போதே விண்ணப்பிக்கலாம். முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள், அதாவது 18 நிரம்பியிருக்க வேண்டிய நாள். இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் உண்டு. பிறந்தநாள் தாண்டியதும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். விடுதியில் படிப்பவர்கள் சொந்த ஊரிலோ விடுதி முகவரியிலோ, ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் பதியலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தோழிகள் நாலு பேர் சான்றிதழோடு அதே பின்கட்டுக்கு வருகிறார்கள். படிவம் நிரப்பிக் கொடுக்கப்போவது தங்கச்சிதான்.