வடகடலில் பெப்சி பாசி: இன்னும் பரப்ப வேண்டுமா?

முனைக்காட்டான்:
ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா, 2023 செப்டம்பரிலேயே அடிக்கல் நாட்டியாகிவிட்டது. அந்தச் செய்தியைப் போட்டதிலிருந்து "அந்நியப் பாசி, பவளப்பாறையைக் கொல்லும்" என்று ஒரே பேச்சு. அவர்கள் சொல்வது கப்பாபைகஸ். எங்கள் பக்கம் பெப்சி பாசி என்றால்தான் தெரியும், 2000 வாக்கில் அந்தக் கம்பெனிதான் ஒப்பந்தம் போட்டு வளர்க்கச் சொன்னது, பெயர் ஒட்டிக்கொண்டது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, எல்லாம் சேர்த்து 60 கிலோ விதைப்பாசி. கடல் நன்றாக இருந்தால் 45 நாளில் 200 கிலோவைத் தாண்டும். உரம் வேண்டாம், மருந்து வேண்டாம், நல்ல தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். என் அம்மாவும் அக்காவும் கரையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். இந்தக் கரையில் பெண்களுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எதிர்த்துப் பேசுங்கள்.

ஆவுளியா:
அண்ணே, உங்கள் அம்மா பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2008ல் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், இருக்கும் குருசடைத் தீவின் பவளப்பாறை மேல் இந்தப் பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். இத்தனைக்கும் வடகடலிலும் (பாக் விரிகுடா) தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும்தான் வளர்க்கலாம் என்று 2005லேயே அரசாணை போட்டாகிவிட்டது. இதற்கு விதை தேவையில்லை, ஒடிந்த துண்டே போதும், பாறை இடுக்கில் சிக்கினால் அங்கேயே தழைத்துவிடும். போர்வை மாதிரி மூடிக்கொண்டால் உள்ளே இருக்கும் பவளத்துக்கு வெளிச்சம் கிடையாது. ஆட்களை இறக்கிக் கையால் பிய்த்து எடுத்தும் பார்த்தார்கள், மறுபடி முளைத்தது. தென்கடலில் 21 தீவையும் சேர்த்து 1986ல் தேசியப் பூங்கா அறிவித்தது எதற்கு?

முனைக்காட்டான்:
தம்பி, எங்கள் மிதவை பாம்பனுக்கு வடக்கே நிற்கிறது. அடியில் வலை கட்டித்தான் இறக்குகிறோம், இல்லாவிட்டால் ஓரா மீன் வந்து மொட்டையடித்துவிடும். துண்டு விழுந்தாலும் அந்த வலையில்தான் விழும். அப்புறம், இழுவலைப் படகு ஒரு ராத்திரியில் கடலடியைச் சுரண்டுவதைக் கேட்க ஆளில்லை, மூங்கில் கட்டுகிற பொம்பளைகளிடம்தான் வந்து கேட்பீர்களா?

ஆவுளியா:
இழுவலையையும் நான் எதிர்க்கிறேன். அதற்காக இதைச் சரி என்று விட முடியாது. வாடைக்காற்றில் கயிறு அறுந்து மிதவையோடு போனதை நீங்களே போன மாதம் இங்கே எழுதினீர்கள், அந்தப் பாசியெல்லாம் எங்கே போய் ஒதுங்கியது? 2022ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அது மேய்வது கடல்புல். புல் இருக்கும் இடத்துக்கு மேலே வரிசையாக மிதவை நின்றால் கீழே வெயில் எப்படி இறங்கும்?

சின்னப்பாலம் மகள்:
இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். மிதவை வருவதற்கு ரொம்ப முந்தியே எங்கள் அம்மாக்கள் தீவுக்குப் போய்ப் பாசி எடுத்தவர்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, எல்லாம் இந்தக் கடலிலேயே விளைகிறது. என் அம்மா சேலைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, பத்து விரலிலும் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவாள். கரையேறி அந்தத் துணியை அவிழ்க்கும்போது பார்த்திருக்கிறேன், விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, பாறை கீறின இடம் மட்டும் சிவப்பாக இருக்கும். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, இரும்பால் சுரண்டுவதில்லை, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு என்று பெண்களே பேசி முடிவு செய்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்கு முன்நின்றதற்காக எங்கள் ஊர் லட்சுமி அக்காவுக்கு 2015ல் அமெரிக்காவில், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கொடுத்தார்கள். இங்கே என்ன மரியாதை? தீவுப் பக்கம் போனால் குற்றவாளி மாதிரி விரட்டுகிறார்கள், மூட்டையைப் பறிக்கிறார்கள். ஆவுளியா தம்பி, தேசியப் பூங்கா என்று நீங்கள் எழுதும்போது அதில் எங்களையும் வெளியே தள்ளியதைச் சேர்த்து எழுதுங்கள்.

ஆவுளியா:
அக்கா, அது நான் விட்ட தப்புதான். அடியை விட்டு நுனியைக் கிள்ளி எடுத்தால் பாசி மறுபடி வளரும். உங்கள் 12 நாள் கணக்கு காகிதச் சட்டத்தைவிட நன்றாகக் காக்கிறது.

மதுரைக்காரர்:
அகர் தொழிலில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். மரிக்கொழுந்திலும் கஞ்சிப்பாசியிலும் வருவது அகர், நோன்பு திறக்க வீட்டில் காய்ச்சும் கடல்பாசி அதுதான். பெப்சி பாசியில் வருவது கராஜீனன், ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போவது. இரண்டும் வேறு சந்தை. அகருக்குப் பாசி கிடைக்காமல் திண்டாடிய பட்டறைகள் எங்கள் ஊர்ப்பக்கம் உண்டு. உள்ளூர் கஞ்சிப்பாசியையே கயிற்றில் கட்டலாமே, ஓடிப் போனாலும் அது இந்தக் கடலின் பாசிதானே?

முனைக்காட்டான்:
கட்டலாம் அண்ணே, விளைச்சல் குறைவு. காய்ந்த சரக்கை எடுத்துக்கொண்டு போனால் ஏவாரி "ஈரம் இருக்கிறது, மண் இருக்கிறது" என்று எடையில் கழிக்கிறார். பத்துக் கிலோ பச்சை காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும், அதிலும் கழித்தால் வீட்டுக்கு என்ன போகும்? ஆனால் இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். 2013க்கு அப்புறம் கடல் சூடாகி, கயிற்றில் இருந்த பாசியெல்லாம் வெள்ளையாகி, தொட்டால் ஒடிந்து விழுந்தது. ஒரே பாசியை நம்பினால் அப்படித்தான், விதைக்கே ஆளாளுக்கு அலைந்தோம். கஞ்சிப்பாசிக்கு நியாயமான விலை எழுதிக் கொடுத்தால் பாதி மிதவையை நாளைக்கே மாற்றுகிறேன்.

சின்னப்பாலம் மகள்:
அந்த விலையை எழுதும் இடத்தில் தீவுக்குப் போகிற பெண்களும் உட்கார வேண்டும் அண்ணே. கடற்பாசிப் பூங்காவில் பயிற்சி, மானியம் எல்லாம் மிதவைக்கு என்றால் என் அம்மாவுக்கு அதில் என்ன இருக்கிறது?

ஆவுளியா:
பாதியை மாற்றினாலும் மீதிப் பாதி இருக்கிறதே. வாடையில் அறுந்து கரையில் ஒதுங்குவதைப் பொறுக்க யாருக்குக் கூலி?

முனைக்காட்டான்:
இதுவரைக்கும் யாருக்கும் இல்லை. அறுந்தது எங்கள் சரக்கு என்பதால் கிடைத்த மட்டும் நாங்களே பொறுக்குகிறோம். ஐப்பசி பிறந்ததும் வாருங்கள் தம்பி, கரையில் ஒதுங்குவதை இரண்டு பேரும் சேர்ந்து எடை போட்டுப் பார்க்கலாம்.