வாப்பும்மா சொன்ன முசலி எங்கே இருக்கிறது?

புத்தளத்துப் பேத்தி:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம்.

நான் 1992 இல் புத்தளத்தில் ஓர் அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் பிறந்தவள். ஆனால் வீட்டில் யாரும் என்னைப் புத்தளத்துப் பிள்ளை என்று சொன்னதில்லை. "நாங்க முசலி ஆக்கள்" என்பார் என் வாப்பும்மா, அதாவது வாப்பாவின் உம்மா. போன வருடம் அவர் மௌத்தாகிவிட்டார். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு பழைய காணி உறுதி இருந்தது. அதில் முசலி என்றும் இருக்கிறது, கரடிக்குளி என்றும் இருக்கிறது. கைபேசி வரைபடத்தில் பார்த்தால் அந்தப் பக்கம் முழுக்கப் பச்சையாகத் தெரிகிறது.

என்னோடு வேலை செய்யும் ஒருவர், "அது வில்பத்துக் காடு அல்லவா, அங்கே எப்படி ஊர் இருந்திருக்கும்?" என்று கேட்டார். அவர் தெரியாமல்தான் கேட்டார், குத்திக் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் பதில் வரவில்லை. என் மகளுக்கு ஏழு வயது. அவள் கேட்கும் நாளில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முசலி ஓர் ஊரா? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? எங்கள் ஆட்கள் அங்கே என்ன செய்து பிழைத்தார்கள்?

பண்டாரவெளி வாத்தியார்:

வஅலைக்கும் ஸலாம் மகள். நான் முசலியில் பிறந்தவன். 32 வயதில் வெளியேறினேன், 52 வயதில் திரும்பி வந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முசலியை ஓர் ஊராக நினைத்துத் தேடினால் பிடிபடாது. அது பல ஊர்கள் சேர்ந்த ஒரு பற்று. இன்று மன்னார் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்று, 20 கிராம அலுவலர் பிரிவுகள் கொண்டது. முசலிப் பிரதேச சபை என்று தனிச் சபையும் உண்டு. சனத்தில் பாதிக்கு மேல் முஸ்லிம்கள். மற்றவர்கள் அரிப்பு, கொக்குப்படையான், முள்ளிக்குளம் போன்ற ஊர்களின் கத்தோலிக்கத் தமிழர்கள்.

இடத்தைப் புரிந்துகொள்ள இரண்டு ஆறுகளை மனதில் வையுங்கள். வடக்கே அருவியாறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா என்பார்கள். அனுராதபுரப் பக்கத்து நீரை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து அரிப்புக்கு அருகில் கடலில் விழும். தெற்கே மோதரகம ஆறு. மேற்கே மன்னார் வளைகுடா, கிழக்கே காடு. இவற்றுக்கு நடுவில் இருப்பதுதான் நம்முடைய மண். கொண்டச்சிப் பக்கம் செம்மண், அதனால்தான் அங்கே பெரிய முந்திரிகைத் தோட்டம் போட்டார்கள். கரையை ஒட்டினால் மணல். பண்டாரவெளி, பொற்கேணி, வேப்பங்குளம் பக்கம் உள்ளே வந்தால் வயல்.

உங்கள் கூட வேலை செய்பவர் கேட்டதற்குப் பதில் அந்தத் தெற்கு ஆற்றில் இருக்கிறது. வில்பத்துத் தேசிய பூங்காவின் வட எல்லை மோதரகம ஆறு. பூங்கா அக்கரை. மறிச்சுக்கட்டி, பாலைக்குளி, கரடிக்குளி எல்லாம் இக்கரை. ஆற்றுக்கு வடக்கே சிறிய சரணாலயத் துண்டு ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஊர்கள் வேறு, அது வேறு.

ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். தண்ணீரை மறிச்சுக் கட்டிய இடம் மறிச்சுக்கட்டி. பாலை மரத்தடியில் தண்ணீர் நின்ற குளி பாலைக்குளி. கரடி வந்து குடித்த குளி கரடிக்குளி. கரடி வந்த இடம் என்றால் காடு பக்கத்தில்தான் இருந்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குளிக்குப் பெயர் வைத்தவன் அங்கே குடியிருந்த மனிதன்.

பிழைப்பு? ஒரு தொழிலில் நிற்க இந்த மண் விடாது. ஒக்டோபரில் வாடைமழை தொடங்கினால் பெரும்போகம். அகத்திமுறிப்புக் குளத்துத் தண்ணீர் வரும் வயல்காரனுக்குக் கொஞ்சம் நிம்மதி, மற்றவர்களுக்கு வானம்தான். மாசி, பங்குனியில் வெட்டு முடிந்ததும் என் வாப்பா வலையோடு கொண்டச்சிக்குடாவுக்குப் போவார், கரையில் மீனவர் போடும் வாடிக் கொட்டிலில் ஒரு மாதம் படுப்பார். அப்புறம் பாலைப்பழக் காலம். உம்மா பழத்தைச் சாக்கில் கொட்டிவைத்து அயல் முழுக்கக் கொடுப்பார். பிசின் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், உமி கொண்டு தேய்த்தால்தான் போகும். மாடு எல்லா வீட்டிலும் நின்றது.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 பேர். முசலியில் ஒரு முஸ்லிம் வீடுகூட மிஞ்சவில்லை. நாங்கள் படகில் கற்பிட்டிக்குப் போனோம். வேறு சிலர் வில்பத்துக் காட்டு வழியாக நடந்தார்கள். என் உம்மா வீட்டுக் கதவைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டார். பத்து நாளில் வருவோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

2010 இல் நான் திரும்பி வந்தபோது வீட்டைக் காணவில்லை. வீடு இடிந்திருந்தது என்று சொல்லவில்லை, வீடு நின்ற இடமே தெரியவில்லை. வீரையும் உடை மரமும் விடத்தலும் மண்டி, பகலிலேயே இருட்டு. நான்கு பேர் கத்தியோடு இரண்டு நாள் வெட்டினோம். முதலில் அகப்பட்டது கிணறு. கிணற்றுக் கட்டில் வாப்பா சீமெந்து ஈரமாக இருந்தபோது ஆணியால் கீறிய வருடம் 1974 அப்படியே இருந்தது. கிணற்றிலிருந்து பதினெட்டு எட்டு வைத்தால் எங்கள் குசினிக் கதவு. எண்ணிக்கொண்டு நடந்தேன். காலடியில் ஓட்டுத் துண்டு நொறுங்கியது.

இருபது வருடத்தில் மரம் அவ்வளவு வளரும். அந்த மரத்தைப் பார்த்துத்தான் இன்றைக்கு "ஆதிக்காடு" என்கிறார்கள். 2012 ஒக்டோபரில் இந்தப் பக்கத்துக் காணிகள் வர்த்தமானியில் வன ஒதுக்காக அறிவிக்கப்பட்டன. அப்போது சனத்தில் பெரும் பகுதி இன்னும் புத்தளத்தில் கிடந்தது. 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு என்று 40,000 ஹெக்டயர் அளவுக்கு இன்னோர் அறிவித்தல். அப்போதைய சனாதிபதி ரஷ்யாவுக்குப் போயிருந்த நேரம் அங்கிருந்தே அதில் கையெழுத்திட்டார். கிணறும் பள்ளிவாசலும் மையத்து அடக்கும் மையவாடியும் எங்கே கிடக்கின்றன என்று முதலில் நடந்து பார்த்துவிட்டு அல்லவா கோடு கீறியிருக்க வேண்டும்? எனக்கு இன்றும் ஆறாத கேள்வி அது.

வவுனியாவிலிருந்து:

வாத்தியார், நீங்கள் சொல்வது மனதைத் தொடுகிறது. ஆனால் வில்பத்துக்கு வடக்கே கல்லாறுப் பக்கம் காடு அழித்தது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே. அதையும் பேச வேண்டாமா?

பண்டாரவெளி வாத்தியார்:

பேச வேண்டும் தம்பி. அந்தத் தீர்ப்பு வந்தது, திரும்ப மரம் நடச் சொல்லியும் கட்டளை இட்டது. பழைய ஊர்க் காணிக்குத் திரும்புவது ஒன்று, முன்பு யாரும் இல்லாத காட்டைத் துப்புரவாக்கி வரிசையாக வீடு கட்டுவது வேறொன்று. இரண்டாவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். யானைக்கும் கரடிக்கும் இடம் வேண்டும், காடு போனால் எங்கள் குளமும் போகும். ஆனால் 1990 இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் 2010 இல் நான்கு குடும்பமாக வந்தார்கள். அவர்களுக்கு எங்கே இடம் என்று காலத்தோடு யோசித்திருந்தால் இந்த வழக்குக்கே தேவை வந்திருக்காது. என் வருத்தமெல்லாம், இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, உறுதி கையில் இருப்பவனையும் காடு திருடியவன் என்று பேசுவதுதான்.

அரிப்புக்காரி:

தங்கச்சி, வாத்தியார் கடல் பக்கத்தைக் கொஞ்சம்தான் தொட்டார். நான் சொல்லுகிறேன்.

முசலியை ஒரு காலத்தில் உலகமே தெரிந்து வைத்திருந்தது முத்தினால். எங்கள் கரைக்கு எதிரே கடலடியில் இருக்கும் பாறைத் திட்டுகளை ‘பார்’ என்போம். அங்கேதான் சிப்பி விளைந்தது. முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று ஒரு பழைய பெயர் இருக்கிறது. சலாபத்துறைதான் சிலாவத்துறை ஆனது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்த்து நடத்த அரிப்பில் கடலோர மேட்டில் ஒரு மாளிகை கட்டினார். 1804 அளவில் முடிந்தது. நாங்கள் அதை அல்லிராணி கோட்டை என்போம். கடல் மேட்டை அரித்து அரித்து, இப்போது சுவரில் பாதி கீழே கிடக்கிறது. சிறுவயதில் நான் ஏறி நின்ற மூலை இன்று இல்லை. காப்பாற்ற இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது.

1900களின் தொடக்கத்தில் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்புக்கென்று ஓலையாலேயே ஒரு பட்டணம் எழும்பும், சில வாரத்தில் கலையும். கீழக்கரை, தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளிகாரர் வருவார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவனுக்கு, இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. 1905 இல் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அடுத்த வருடமே ஒரு கம்பனிக்கு இருபது வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள், 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாகிவிட்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அப்பாவின் படகில் பங்காளி சிலாவத்துறை முஸ்லிம். 1990 இல் போகும்போது அவர் தன் வலையை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். சண்டையில் நாங்களும் பலமுறை ஓடினோம், வலை போய்விட்டது. மிதவை நான்கு மட்டும் அம்மா எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போனார். 2011 இல் அவருடைய மகன் வந்தபோது அதைக் கொடுத்தோம். 1990 இல் எங்களால் தடுக்க முடியவில்லை. தடுக்க முயன்றோமா என்று என் பிள்ளைகள் கேட்டால் எனக்கு நேராகப் பதில் சொல்ல வராது. முள்ளிக்குளத்துச் சனம் 2007 இல் வெளியேறி, ஊரில் கடற்படை முகாம் வந்து, 2017 இல் வீதியில் இருந்து போராடியபோதுதான் காணி இல்லாமல் கிடப்பதென்றால் என்ன என்று எங்கள் பக்கத்துக்கும் விளங்கியது.

புத்தளத்துப் பேத்தி:

வாசித்துவிட்டு நீண்ட நேரம் அழுதேன். உங்கள் மூவருக்கும் ஜஸாகல்லாஹ். அக்கா, அந்த மிதவைகளைப் பற்றி என் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், திரும்ப ஒரு முறை வாசிக்கச் சொன்னார்.

உறுதியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வடக்கே வாய்க்கால், கிழக்கே பள்ளிக்காணி, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே இன்னொருவரின் தோட்டம் என்று இருக்கிறது. இதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாமா?

பண்டாரவெளி வாத்தியார்:

கிழக்கே பள்ளிவாசல் காணி என்றால் வேலை பாதி முடிந்தது மகள். அந்தப் பள்ளி நின்ற இடத்தைக் காட்ட இன்னும் இரண்டு கிழவர் இருக்கிறார்கள். உறுதியின் படத்தை இங்கே போட வேண்டாம், பிரதி எடுத்து வாருங்கள், மூலத்தை வீட்டில் வையுங்கள். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் மூலத்தைக் கொடுத்துவிட்டு எட்டு மாதம் அலைந்தவன் நான்.

மன்னார் பஸ்ஸில் வந்தால் முருங்கனில் இறங்கி, சிலாவத்துறைப் பஸ் எடுங்கள். மழைக்கு முன் வாருங்கள், ஒக்டோபர் பிறந்தால் வண்டிப்பாதையில் கால் வைக்க முடியாது. சப்பாத்துப் போட்டு வாருங்கள், முள் அதிகம். மகளையும் கூட்டி வாருங்கள். கத்தி என்னிடம் இருக்கிறது.