வெஸ்னாத்: ராத்திரியில ஸ்ட்ராங் கிரண்ட் அடிக்கிறது 12ஆ 13ஆ?

தகடூரான்:
வெஸ்னாத்ங்கிற டர்ன் டர்னா ஆடுற கம்ப்யூட்டர் போர் ஆட்டத்துக்கு, தருமபுரி கிருஷ்ணகிரி ஆட்டக்காரங்களுக்குன்னு கோட்டைமலை ஒரு குறிப்பு எழுதிப் பரப்பிட்டிருக்கார். அதுல இருக்கிற வரி இது: "ராத்திரியில ஸ்பியர்மேனைக் கிராமத்துல நிறுத்தாதீங்க. ஸ்ட்ராங் கிரண்ட் ஒரு அடிக்கு 13 எடுப்பான். 37 ஹெச்பி ஸ்பியர்மேன் மூணு அடியில காலி. சாயங்காலமே பின்வாங்கிடுங்க." கிரண்ட்னா ஓர்க் படையோட வாள்காரன், ஸ்பியர்மேன்னா எதிர்ப் படையோட ஈட்டிக்காரன், ஹெச்பின்னா உயிர்ப் புள்ளி, ஸ்ட்ராங்னா அடியிலயும் ஹெச்பியிலயும் ஒண்ணு கூட்டுற குணம். இதை நம்பிப் புதுப் பசங்க நல்ல நல்ல கிராமத்தை விட்டுட்டு ஓடுறாங்க.

13 கிடையாது, 12. கிரண்ட் வாள் 9-2, அதாவது அடிக்கு 9, ரெண்டு வீச்சு. ஸ்ட்ராங் இருந்தா 10-2. ஓர்க் கேயாட்டிக், அதனால ராத்திரியில 25% கூடும். 10க்கு 12.5. வெஸ்னாத்ல சரியா அரை வந்தா, அடிப்படை எண் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் சாயும். அடிப்படை 10, ஆக 12. மூணு அடி 36. ஸ்பியர்மேனுக்கு 36, ஸ்ட்ராங்குக்கு ஒண்ணு சேர்த்து 37. ஒரு ஹெச்பியோட நிப்பான், அடுத்த டர்ன் தொடக்கத்துல கிராமம் 8 கொடுக்கும். குறிப்பைத் திருத்துங்க.

கோட்டைமலை:
அண்ணா, 12.5ஐ 13னு எழுதணும்னு அஞ்சாம் வகுப்புலயே சொல்லிக் கொடுத்துட்டாங்க. ஆட்டத்துலயும் அப்படித்தான். ஸ்பியர்மேன் ஈட்டி எறியறது 6-1. ராத்திரியில 25% குறைஞ்சா 4.5. அட்டாக் விண்டோவைத் திறந்து பாருங்க, 5-1னு காட்டும். 4.5 மேல ஏறி 5 ஆகுதுன்னா 12.5 மேல ஏறி 13 ஆகாதா? திருத்த வேண்டியது எதுவும் இல்ல.

தகடூரான்:
நீங்க காட்டின சாட்சியே உங்களுக்கு எதிரா நிக்குது. ஈட்டியோட அடிப்படை 6. 4.5லிருந்து 6 மேல இருக்கு, அதனால மேல சாய்ஞ்சு 5. வாளோட அடிப்படை 10. 12.5லிருந்து 10 கீழ இருக்கு, அதனால கீழ சாய்ஞ்சு 12. அதே ஈட்டியைப் பகல்ல பாருங்க. 6க்கு 7.5, காட்டுறது 7. உங்க அஞ்சாம் வகுப்புக் கணக்குப்படி 8 வரணுமே, ஏன் வரல? அரை இல்லாத இடத்துல சாதாரணமா கிட்ட இருக்கிற எண்தான். 7க்கு பகல்ல 8.75, அது 9. ராத்திரியில 5.25, அது 5.

ஊத்தங்கரை ஓர்க்:
ஒரு எண்ணுக்கு ரெண்டு பேரும் இப்படி மல்லுக்கட்டணுமா? நான் ஓர்க் ஆடுறவன். கிராமத்துல ஸ்பியர்மேன் உட்கார்ந்தா கிரண்ட்டை முதல்ல அனுப்பவே மாட்டேன். கத்தி எறியற அசாசின் போவான். மார்க்ஸ்மேன்ங்கிற திறமையால தாக்கும்போது குறைஞ்சது 60% படும், கிராமத்தோட 60% தடுப்பு (அடி படாமத் தப்புற வாய்ப்பு) அவனுக்கு முன்னாடி செல்லாது. கத்தி 3-3, ராத்திரியில 4-3, அதோட விஷம்.

தகடூரான்:
விஷம் ஏறினவன் கிராமத்துல இருந்தா அடுத்த டர்ன்ல 8 போகாது, விஷம் இறங்கிடும். அந்த டர்ன் 8 ஏறாது, அவ்வளவுதான். சமவெளியில நிக்கிறவனுக்குத்தான் டர்னுக்கு 8, 8னு இறங்கி 1 வரைக்கும் போகும். ஆக விஷத்துக்கும் கிராமம்தான் மருந்து. கோட்டைமலை சொல்ற மாதிரி பின்னாடி ஓடுற வழியில விஷம் பட்டா யார் இறக்குவாங்க?

கோட்டைமலை:
பேச்சை மாத்தாதீங்க. 13.

அரூர் அம்பு:
கோட்டைமலை தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லுங்க. பின்வாங்குறதுன்னா எவ்வளவு தூரம்? ஒரு கட்டமா, கோட்டை வரைக்குமா? அதைச் சொல்லாம எண்ணைப் பிடிச்சுத் தொங்கினா புதுசா வர்றவங்களுக்கு என்ன புரியும்?

கோட்டைமலை:
அக்கா, அது அப்புறம். லாஃபுல் ஆளை, அதாவது ஸ்பியர்மேன் மாதிரி ராத்திரியில பலம் குறையுறவனை, ராத்திரியில முன்னாடி நிறுத்தக் கூடாதுங்கிறது அடிப்படை. ஓர்க்குக்கு நாலு குணத்துல ரெண்டு வரும், அதனால ரெண்டு கிரண்ட்டுக்கு ஒருத்தன் ஸ்ட்ராங். இது அபூர்வமான விஷயம் இல்ல. அப்புறம், எல்லா ஸ்பியர்மேனும் ஸ்ட்ராங் கிடையாது. சாதா ஸ்பியர்மேன் 36. அண்ணா சொல்ற 12ஐயே எடுத்துக்கங்க, மூணு அடி 36, ஆள் காலி. அப்போ நான் சொன்னது சரிதானே?

தகடூரான்:
நீங்க எழுதினது 37. இப்ப 36க்கு இறங்கிட்டீங்க. அதுலயும் படுற மூணு அடியும் ஸ்ட்ராங் கிரண்ட்டோடதா இருக்கணும், ஒருத்தனுக்கு ரெண்டு அடிதான், ஆக ரெண்டு ஸ்ட்ராங் கிரண்ட் வேணும். சாதா கிரண்ட் ராத்திரியில 11.25, அதாவது 11.

உங்க 13 எவ்வளவு கெடுக்குதுன்னு பாருங்க. மூணு கிரண்ட் வர்றாங்க, ஒருத்தன் மட்டும் ஸ்ட்ராங். 13னு வச்சா 13, 13, 11 சேர்ந்து சரியா 37, மூணு அடியில சாவு. 12னா 12, 12, 11 சேர்ந்து 35, ஆள் நிக்கிறான். அந்த 37 ஹெச்பி ஆளைக் கொல்ல எப்படிப் பார்த்தாலும் நாலு அடி வேணும். கிராமத்துல 40%தான் படும், ஆறு வீச்சுல நாலு படுறது 17.9%. அதே ஆளைச் சமவெளியில நிறுத்தினா 60% படும், அப்போ 54.4%. பின்வாங்கி எங்க நிக்கப் போறீங்க? பெரும்பாலும் சமவெளியிலதான்.

இன்னொண்ணு. கிரண்ட் கிராமத்தைத் தாக்கும்போது சமவெளியில நிக்கிறான், அவனுக்கு 40% தடுப்பு. ஸ்ட்ராங் ஸ்பியர்மேன் ஈட்டி 8-3, ராத்திரியில 6-3. மூணு வீச்சு, 60%, சராசரி 10.8. கிரண்ட் கொடுக்கிறது 11-2, 40%, சராசரி 8.8. ராத்திரியிலயே ஸ்பியர்மேன்தான் அதிகம் கொடுக்கிறான்! சாதா ஸ்பியர்மேன் 5-3, அவனுக்கும் 9. 14 தங்க ஆள் கிராமத்துல இருந்தா ராத்திரி அவனுக்குப் பயமே இல்ல.

அரூர் அம்பு:
இதுல ஒரு ஓட்டை இருக்கு தகடூரான் அண்ணா. கிராமத்தைச் சுத்தி என்ன நிலம்னு நீங்க சொல்லவே இல்ல. கிரண்ட் மலை மேல நின்னு அடிச்சா அவனுக்கு 60% தடுப்பு. 10.8 அப்படியே 7.2க்கு இறங்கும். குன்றுன்னா 50%, அப்போ 9. கிராமத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பக்கத்து ஆறு கட்டத்தையும் பார்க்கணும். மலை ஒட்டின கிராமத்தை விட்டுடலாம், சமவெளி நடுவுல இருக்கிறதைப் பிடிச்சு வைக்கலாம்.

கோட்டைமலை:
பார்த்தீங்களா, அக்காவும் விடலாம்னுதான் சொல்றாங்க.

அரூர் அம்பு:
நான் அப்படிச் சொல்லல தம்பி. முழுசாப் படிங்க.

ஓசூர் மேஜ்:
கிராமத்துல ஸ்பியர்மேனே எதுக்கு? மேஜ்ங்கிற மந்திரவாதியை நிறுத்துங்க. எதிரி எந்த நிலத்துல நின்னாலும் அவனோட மந்திர அடி 70% படும். மலை மேல நிக்கிற கிரண்ட்டுக்கும் அதே 70%தான்.

தகடூரான்:
மேஜ் 24 ஹெச்பி, 20 தங்கம். ஸ்ட்ராங் கிரண்ட் ரெண்டு அடி சரியா 24. ஒரே கிரண்ட், ஒரே டர்ன், 16% வாய்ப்புல உங்க 20 தங்கம் போச்சு. அதுலயும் கிரண்ட் பக்கத்துல வந்து அடிச்சா மேஜ் திருப்பி அடிக்கிறது கோலால 5-1. அந்த 70% படுற மிசைல் தூர அடி, கையிலயே இருக்கும். மேஜ் ஸ்பியர்மேனுக்குப் பின்னாடி நிக்கட்டும், நம்ம டர்ன்ல முன்னாடி வந்து அடிச்சா போதும். சமவெளி கிரண்ட்டுக்கு எப்படியும் 60% படும், மேஜ் கூட்டுறது 10%தான். மலை கிரண்ட்டுக்கு 40% 70% ஆகுது. மேஜை அங்க செலவு பண்ணுங்க.

கோட்டைமலை:
எல்லாருக்கும் பாடம் எடுக்கிறார். லீடர்ஷிப்பை மறந்துட்டாரு. பக்கத்துல ஓர்க்கிஷ் ரூலர் நின்னா கிரண்ட்டுக்கு இன்னொரு 25%. ஒண்ணே கால் தடவை ஒண்ணே கால், 56%க்கு மேல. சாதா கிரண்டே 14 அடிப்பான். அப்போ 12 எங்க போச்சு?

தகடூரான்:
பெருக்கக் கூடாது, கூட்டணும். ராத்திரி 25, லீடர்ஷிப் 25, மொத்தம் 50%. ரெசிஸ்டன்ஸ் (அடி வகையைத் தாங்கிக்கிற சதவீதம்) மட்டும்தான் அதுக்கு மேல பெருக்கலா வரும், ஸ்பியர்மேனுக்கு வாள் ரெசிஸ்டன்ஸ் 0. ஸ்ட்ராங் கிரண்ட் 15. சாதா கிரண்ட் 13.5, அடிப்படை 9 கீழ இருக்கு, அதனால 13.

கோட்டைமலை:
13! நீங்களே எழுதிட்டீங்க. எல்லாரும் பார்த்துக்கங்க. 13 தடவை 3, 39. ஸ்பியர்மேன் காலி. குறிப்பு அப்படியே இருக்கும்.

தகடூரான்:
அது ரூலர் பக்கத்துல நிக்கிற சாதா கிரண்ட்! உங்க குறிப்புல ரூலர் எங்க இருக்கார்? டிஃபால்ட் எராவுல, அதாவது மல்டிபிளேயர்ல வழக்கமா வர்ற படைத் தொகுப்புல, நார்தர்னர்ஸ்ங்கிற ஓர்க் படை எடுக்கிற ஆள் பட்டியல்ல, ரூலரா வளர்ற ஓர்க்கிஷ் லீடரே கிடையாது. கேம்பெயின்ல வர்றவனைக் கொண்டாந்து மல்டிபிளேயர் குறிப்புக்கு முட்டுக் கொடுக்கிறீங்க. 2004ல உங்க கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிஞ்சப்போ கணக்குப் புத்தகம் தருமபுரியிலயே தங்கிடுச்சு போல.

கோட்டைமலை:
ஊரை இழுத்தா நானும் இழுப்பேன். கோட்டைக்குள்ள உட்கார்ந்திருந்தா போதும்னு நினைச்ச உங்க தகடூரைத்தான் பெருஞ்சேரல் இரும்பொறை வந்து எறிஞ்சுட்டுப் போனான். இடத்தை விடாம நிக்கிறவனுக்கு அதான் கதி. எங்க கிருஷ்ணகிரி மலைக்கோட்டை 1791ல இங்கிலீஷ்காரன் படையை ஏறவிடாமத் திருப்பி அனுப்பிச்சு.

தகடூரான்:
அதியமான் பேரை இந்த வாய்ச்சண்டைக்குள்ள கொண்டு வராதீங்க. அப்புறம், உங்க மலைக்கோட்டையில இருந்தவங்க சாயங்காலமே பின்வாங்கினாங்களா? உயரமான இடத்தைப் பிடிச்சு நின்னதாலதானே திருப்பி அனுப்ப முடிஞ்சது? நான் சொல்றதைத்தான் உங்க கோட்டையும் சொல்லுது.

கோட்டைமலை:
வரலாறு தெரியாதவங்ககிட்ட வரலாறு பேசி என்ன பிரயோஜனம்.

ஊத்தங்கரை ஓர்க்:
அதியமானுக்கும் 1791க்கும் ஓர்க்குக்கும் என்ன சம்பந்தம்? ஆட்டத்துக்கு வாங்க. பின்வாங்குறவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், சொல்லிட்டேன். காலி கிராமத்துல வுல்ஃப் ரைடர் 8 கட்டம் ஓடி வந்து உட்காருவான். கிராமத்துக்கு 2 தங்கம்னு ஆட்டம் வச்சா, உங்களுக்கு 2 குறையும், கிராமம் ஏத்துக்கிட்டிருந்த ஒரு லெவல் ஆளோட பராமரிப்புச் செலவு 1 தங்கமும் உங்க கையிலிருந்து போகும். எனக்கு அதே அளவு கூடும். ஒரு டர்னுக்கு ஆறு தங்கம் வரைக்கும் வித்தியாசம். ரெண்டு டர்ன், ஒரு கிரண்ட் 12 தங்கம். உங்க கிராமத்துலயே எனக்கு ஆள் வாங்கித் தர்றீங்க.

தகடூரான்:
சரியான பேச்சு. 12ஆ 13ஆங்கிறதுக்கு யாரையும் நம்ப வேண்டாம், இப்படிப் பாருங்க. லோக்கல் கேம் திறந்து ரெண்டு பக்கத்தையும் நீங்களே எடுங்க. ஒண்ணு ஸ்பியர்மேன் இருக்கிற லாயலிஸ்ட்ஸ், ஒண்ணு நார்தர்னர்ஸ். ரேண்டம் ஸ்டார்ட் டைம் டிக்கை எடுத்துடுங்க, இல்லன்னா டர்ன் கணக்கு மாறிடும். முதல் டர்ன் விடியல், 2 காலை, 3 மதியம், 4 சாயங்காலம், 5ம் 6ம் ராத்திரி. ஸ்ட்ராங் வர்ற வரைக்கும் கிரண்ட் எடுத்துட்டே இருங்க. அஞ்சாவது டர்ன்ல ஸ்பியர்மேனைக் குறி வச்சு அட்டாக் விண்டோ திறங்க. 12-2னு இருக்கும். அதே விண்டோவுல டேமேஜ் கால்குலேஷன்ஸ் அமுக்கினா எத்தனை சதவீதம் சாவு, எத்தனை ஹெச்பி மிஞ்சும்னு எல்லாம் வரும். அடிக்காமலேயே மூடிடலாம்.

கோட்டைமலை:
எந்த வெர்ஷன்ல பார்த்தீங்களோ. நான் திறந்து பார்க்கத் தேவையில்ல, எனக்குத் தெரியும். தம்பி தம்பின்னு பேசிட்டு இருந்தா நீங்க சொல்றது சரியாகிடாது.

தகடூரான்:
உங்களை நான் ஒரு தடவை கூடத் தம்பின்னு கூப்பிடல. அரூர் அக்காதான் கூப்பிட்டாங்க. மேல போய்ப் பாருங்க.

அரூர் அம்பு:
என்னை ஏன் இழுக்கிறீங்க? எனக்கு வேற சந்தேகம். மூணு கிரண்ட் ஒரே ஆளை அடிக்கிற மாதிரியே ரெண்டு பேரும் பேசுறீங்க. வரிசையா நின்னா ரெண்டு பேர்தானே அடிக்க முடியும்?

தகடூரான்:
வரிசை எந்தத் திசைன்னு பொறுத்தது அக்கா. வெஸ்னாத் அறுகோணத்துக்கு நேர் மேல, நேர் கீழ பக்கம் உண்டு, நேர் இடம் வலம் கிடையாது. வடக்கு தெற்கா வரிசை நின்னா ஒவ்வொருத்தரையும் எதிரி ரெண்டு பேர்தான் தொட முடியும். நாலு வீச்சும் படணும், வெறும் 2.6%. கிழக்கு மேற்கா நின்னா வரிசை வளைஞ்சு வளைஞ்சு போகும். முன்னாடி துருத்தி நிக்கிறவனை மூணு பேர் அடிக்கலாம், உள்வாங்கி நிக்கிறவனை ஒருத்தன்தான். துருத்தின இடத்துல கிராமம் இருந்தா ஸ்பியர்மேன் நிக்கட்டும், உள்வாங்கின இடத்துல அடிபட்டவனையோ மேஜையோ வைங்க. ஆள் பத்தலன்னா நடுவுல ரெண்டு கட்டம் காலி விட்டாலும் ஜோன் ஆஃப் கன்ட்ரோல், அதாவது நம்ம ஆளோட பக்கத்துக் கட்டத்துக்கு வந்த எதிரி அங்கேயே நின்னுடணும்ங்கிற விதி, தடுத்து நிறுத்தும். ஆனா லெவல் 0 பெசன்ட்டுக்கு ஜோன் கிடையாது, அவனை வச்சு இடைவெளி விடாதீங்க, கிரண்ட் நேரா உள்ள வந்துடுவான்.

கோட்டைமலை:
அறுகோணத்துக்கு ஆறு பக்கம். பக்கத்துல ரெண்டு ஆள், பின்னாடி ரெண்டு, முன்னாடி ரெண்டு. எந்தத் திசையா இருந்தா என்ன, மூணு எங்கிருந்து வருது?

ஊத்தங்கரை ஓர்க்:
கிழக்கு மேற்கா ஒரு வரிசை போட்டு என்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க, மூணாவது கிரண்ட் எங்கிருந்து வர்றான்னு காட்டுறேன்.

கோட்டைமலை:
ஆடலாம். ஆனா மேப் நான் எடுப்பேன், பகல்ல ஆரம்பிக்கணும்.

தகடூரான்:
பகல்ல ஆரம்பிச்சாலும் அஞ்சாவது டர்ன்ல ராத்திரி வரும். அதுக்குள்ள துருத்தின கட்டம் எது, உள்வாங்கின கட்டம் எதுன்னு மேப்பைப் பார்த்துக் குறிச்சு வச்சுக்கங்க.