ஷெர்லி காலின்ஸ் ஆல்பம்: பழைய எல்பி (இசைத்தட்டு) வாங்கலாமா?

வணக்கம். இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாடகி ஷெர்லி காலின்ஸின் குரல் சில மாதங்களாக என்னை விடவே இல்லை. குரல் போய்ப் பல வருடம் பாடாமல் இருந்தவர், 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2016இல் 'லோட்ஸ்டார்' ஆல்பத்தோடு திரும்பினார். அப்போது அவருக்கு 81 வயது! இளவயதுக் குரலைவிடத் தாழ்ந்த குரல்தான், ஆனால் எனக்கு இதுதான் மனதைத் தொடுகிறது. அப்புறம் வந்த 'ஹார்ட்ஸ் ஈஸ்', 2023இன் 'ஆர்க்ஏஞ்சல் ஹில்' இரண்டையும் கேட்டாயிற்று.

இனி பழையதற்குப் போகவேண்டும். ஷெர்லி தன் அக்கா டாலியோடு 1969இல் செய்த 'ஆந்தம்ஸ் இன் ஈடன்' எல்பி வாங்க ஆசை. முதல் பதிப்பைத் தேடலாமா, மறுவெளியீடு போதுமா? சாக்பட், க்ரம்ஹார்ன் மாதிரிப் பழங்கால வாத்தியங்கள் எதில் தெளிவாகக் கேட்கும்? இரண்டையும் கேட்டவர்கள் சொல்லுங்கள். அவரைப்போல அலங்காரமில்லாமல் பாடும் இன்றைய பாடகர்களின் புது ஆல்பங்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள்.