புதுப்பிப்பு: பெயர்ப்பலகை அதேதான், மருத்துவர் இல்லை

என் நாயைப் பத்து ஆண்டுகளாகப் பார்த்துவந்த சிறிய கால்நடை மருத்துவமனையை ஒரு பெருநிறுவனம் வாங்கிவிட்டது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். “மருத்துவர் அவரேதானே, பிறகென்ன கவலை?” என்று பலர் கேட்டீர்கள். அவர் அங்கிருந்து விலகிவிட்டார். விற்பனை ஒப்பந்தப்படி, சில ஆண்டுகளுக்கு அருகில் வேறு மருத்துவமனை தொடங்கவும் அவருக்கு உரிமை இல்லை.

பழையவர் தரையில் உட்கார்ந்து, நாயின் காதைத் தடவிக்கொண்டேதான் பேச்சைத் தொடங்குவார். நேற்று வந்த புதியவர் நாயைத் தொடுவதற்கு முன்பே திரையில் பரிசோதனைப் பட்டியலை நிரப்பிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் மாத இலக்கு உண்டாம்.

பிரிட்டனில் 2013இல் கால்நடை மருத்துவமனைகளில் சுமார் 10 சதவீதமே பெரிய குழுமங்களிடம் இருந்தன. பத்தே ஆண்டுகளில் அது ஏறக்குறைய 60 சதவீதமாகிவிட்டது. ஒவ்வொன்றாக வாங்கப்படும் சிறிய மருத்துவமனைகள், சந்தையில் நியாயமான போட்டி இருக்கிறதா என்று கண்காணிக்கும் போட்டி ஆணையங்களின் கண்ணில் பெரும்பாலும் படுவதில்லை. அங்கே முறையான சந்தை விசாரணை தொடங்கியதே 2024இல்தான்.

உண்மையான உரிமையாளர் யார் என்பதை வாசலிலேயே எழுதிவைக்கும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே தெரிவிக்கிறேன்.