ஓஸு: படம் மனதைப் பிசைகிறது, ஃப்ரேம் மட்டும் ஏன் உறுத்துகிறது?

கயல்:
ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓஸுவின், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய படங்களை வரிசையாகப் பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி. பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோவுக்கு வரும் வயதான தம்பதியின் கதையான 'டோக்கியோ ஸ்டோரி'யின் (1953) கடைசி அரைமணி நேரத்துக்கு ஈடாகச் சொல்ல எனக்கு வேறு படம் இல்லை. ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்வரை அவருடைய பாணியே குறுக்கே நிற்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். ஷாட் மாறினால் இருவரும் திரையில் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் பேசுகிறார்கள் என்ற நம்பிக்கையே போய்விடுகிறது. நடிகர்களும் மேசைமேல் இருக்கும் கோப்பைகளைப் போல அளந்து வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இது போதாதென்று கதையும் திரும்பத் திரும்ப மகளுக்குக் கல்யாணம். 'லேட் ஸ்பிரிங்'கில் (1949) தனியாக இருக்கும் அப்பாவை விட்டுப் போக மறுக்கும் மகளாக செட்சுகோ ஹாரா. 'லேட் ஆட்டம்'மில் (1960) அதே ஹாரா அம்மா, மகள் வேறொருவர். இந்தப் பாணி கதைக்குத் துணை செய்கிறதா, பாணியையும் மீறிக் கதை ஜெயிக்கிறதா?

ஒளியன்:
பார்வைத் திசை விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், அது தெரிந்தே செய்தது. வழக்கமான முறையில் பேசும் இருவருக்கும் நடுவே ஒரு கோடு கற்பனை செய்து, கேமராவைக் கோட்டின் ஒரே பக்கத்தில் வைப்பார்கள். அப்போது ஒருவர் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமும் பார்ப்பார். ஓஸு கேமராவைக் கோட்டை ஒட்டியே வைத்து, அடுத்த ஷாட்டில் கோட்டைத் தாண்டிவிடுவார். அதனால் இருவர் பார்வையும் ஒரே திசைக்குப் போகிறது. பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது, இரண்டு முகங்களும் திரையில் ஏறத்தாழ ஒரே இடத்தில், ஒரே அளவில் விழுவது. ஒரு ஷாட்டை வெட்டி அடுத்ததற்குப் போகும்போது உங்கள் கண் நகர வேண்டியதில்லை. முகத்தில் மாறியது என்ன என்பது மட்டும்தான் தெரியும்.

சந்தேகம் இருந்தால் இரண்டு பேரை உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள், அரைமணி நேர வேலை. ஓஸு பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ்தான் போடுவார். ஆனால் அது 35 மி.மீ. ஃபிலிமில், அகலம் உயரத்தைப்போல 1.37 மடங்கு இருக்கும் ஃப்ரேமில். இன்றைய ஏபிஎஸ்-சி கேமராவில் (சென்சார் சற்றுச் சிறியது) 16:9 வீடியோ எடுத்து ஓரங்களை வெட்டினால் 40 மி.மீ. லென்ஸ் அதே கோணத்தைத் தரும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 60 முதல் 65 மி.மீ. வரை. 1080 வரி வீடியோவை 1480 அகலத்துக்கு வெட்டுங்கள்.

தரையில் உட்கார்ந்தவரின் கண் சுமார் 75 செ.மீ. உயரத்தில் இருக்கும். கேமராவை 45 செ.மீ.யில், மட்டம் பார்த்து வையுங்கள். 3 மீட்டர் தள்ளி வைத்தால் முழு ஆளும் அடங்கும். தனி முகத்துக்காகக் கிட்டே போகும்போது கேமராவையும் 60 செ.மீ.க்கு உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் தலை வெட்டுப்படும். உடனே கேமராவை மேல்நோக்கிச் சாய்ப்பார்கள், கதவுச் சட்டங்கள் சரிந்து தெரியும், அத்தோடு ஓஸு போயே போய்விட்டார். ஓஸுவின் ஷாட்களைத் 'தாழ்ந்த கோணம்' என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது சரியில்லை. தாழ்ந்தது கேமராவின் உயரம்தான், கோணம் கிட்டத்தட்ட மட்டம்.

நடிகர்கள் இருவரையும் லென்ஸுக்கு நாலு விரல் இடப்பக்கம் பார்க்கச் சொல்லி ஒரு முறை எடுங்கள். வழக்கமான முறையில் இன்னொரு முறை எடுங்கள். வசனத்தை அணைத்துவிட்டு இரண்டையும் பார்த்தால், யார் யாரைப் பார்க்கிறார் என்பது முதலாவதில் குழம்பும், யார் எதை மறைக்கிறார் என்பது இரண்டாவதைவிடத் தெளிவாகத் தெரியும்.

மருதன்:
ஒளியன் சார் சொன்னதில் ஒரு சேர்க்கை. கயல், கோப்பைகள் அளந்து வைத்ததுபோல இருக்கிறது என்றீர்களே, அவை ஷாட்டுக்கு ஷாட் இடம்கூட மாறும். 'ஈக்வினாக்ஸ் ஃபிளவர்' (1958) அவருடைய முதல் கலர்ப் படம், ஆக்ஃபா ஃபிலிமில் எடுத்தது. அதில் வரும் சிவப்புக் கெட்டிலை மட்டும் கவனியுங்கள். காட்சித் தொடர்ச்சி அவருக்கு இரண்டாம்பட்சம், ஃப்ரேமுக்குள் அந்தச் சிவப்பு எங்கே விழ வேண்டும் என்பதே முக்கியம்.

'மெதுவான படம்' என்ற பேச்சும் பாதிதான் உண்மை. அவர் நீண்ட ஷாட்காரர் இல்லை. 'டோக்கியோ ஸ்டோரி'யில் ஒரு ஷாட் சராசரியாகப் பத்து நொடி, கலர்ப் படங்களில் ஏழு நொடியை ஒட்டி. ஷாட்டை அடிக்கடி வெட்டுகிறார், ஆனால் ஃபேடும் (காட்சி இருளில் மறைவது) டிஸால்வும் (ஒரு காட்சி அடுத்ததில் கரைவது) கிடையாது. மெதுவாகத் தோன்றக் காரணம், நாம் காத்திருக்கும் நிகழ்ச்சியைக் காட்டாமல் விடுவது. 'லேட் ஸ்பிரிங்'கில் மாப்பிள்ளை முகமே தெரியாது, கல்யாணமும் திரையில் இல்லை. 'டோக்கியோ ஸ்டோரி'யில் ரயில் பயணம் இல்லை. அம்மாவுக்கு வழியில் உடம்பு சரியில்லாமல் போனதை ஒசாகாவில் இருக்கும் மகன் அலுவலகத்தில் பேசும்போதுதான் தெரிந்துகொள்கிறோம்.

பாணி தோற்கும் இடமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 'டோக்கியோ ட்வைலைட்' (1957) பாருங்கள். கருக்கலைப்பு, ரயிலில் அடிபடும் பெண், பிள்ளைகளை விட்டுப்போன தாய். அவ்வளவு கொந்தளிப்பையும் அதே அளந்த ஃப்ரேமில் அடைத்திருக்கிறார். என் கணக்கில் அங்கே அமைதி இல்லை, விறைப்புதான் இருக்கிறது. அந்தப் படத்தை உயர்த்திப் பேசுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

தேன்மொழி:
கேமரா அசையவே அசையாது என்று யாரும் எழுதிவிடுவதற்கு முன்னால்: 'லேட் ஸ்பிரிங்'கில் கடற்கரைச் சாலை சைக்கிள் காட்சியில் கேமரா கூடவே ஓடும். 'எர்லி சம்மர்'இல் (1951) மணல்மேட்டில் ஒரு கிரேன் ஷாட் (கேமராவைக் கிரேனில் ஏற்றி எடுப்பது) உண்டு. 'டோக்கியோ ஸ்டோரி'யில் டோக்கியோவின் உஎனோ பகுதியில் வயதான தம்பதி உட்கார்ந்திருக்கும் இடத்தை நோக்கிச் சுவரோரமாக நகரும் ஷாட் இருக்கிறது. 1930களின் மௌனப் படங்களில் இன்னும் தாராளம், 'டிராக்நெட் கேர்ள்' (1933) போதும் சான்றுக்கு. ஆக, தெரியாமல் நிறுத்தவில்லை, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

கயல்:
நன்றி. முகங்கள் ஒரே இடத்தில் விழுவது பற்றிய விளக்கம் புரிகிறது, 'டோக்கியோ ட்வைலைட்' பற்றியும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சம். இவ்வளவு கட்டுப்பாடும் கண்ணுக்கு ஒழுங்கு என்பதைத் தாண்டிப் படத்துக்கு என்ன தருகிறது?

ஒளியன்:
நீங்கள் சொன்ன அந்தக் கடைசி அரைமணியைத்தான் தருகிறது. 'டோக்கியோ ஸ்டோரி'யின் தொடக்கத்தில் சொந்த ஊரான ஒனோமிச்சி வீட்டில் வயதான தம்பதி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி கட்டுகிறார்கள், காற்றுத் தலையணை எங்கே என்று தேடுகிறார்கள், ஜன்னலில் பக்கத்து வீட்டம்மா நின்று விசாரித்துவிட்டுப் போகிறார். மனைவி இறந்தபின், முடிவில் அதே அறை, அதே ஜன்னல், அதே பக்கத்து வீட்டம்மா. கணவராக நடித்த சிஷு ரியு மட்டும் தனியாக. இடைப்பட்ட நேரமெல்லாம் கேமரா இஷ்டத்துக்கு அலைந்திருந்தால், மனைவி உட்கார்ந்த இடம் உங்களுக்கு ஓர் இடமாகவே பதிந்திருக்காது. நினைவில் பதிந்த ஃப்ரேமில்தான் காலி தெரியும்.

ஆனால் பார்வைத் திசைக்கு இந்தப் பதில் பொருந்தாது. கோட்டைத் தாண்டாமலே அந்த முடிவை எடுத்திருக்க முடியும். அது அவருடைய தனிப்பட்ட ரசனை, உறுத்தினால் உறுத்தட்டும்.

மருதன்:
அந்த உறுத்தலோடு அடுத்து 'ஃப்ளோட்டிங் வீட்ஸ்' (1959) பாருங்கள் கயல். அதை அவர் டையே கம்பெனிக்காக எடுத்தார், வழக்கமான ஒளிப்பதிவாளர் அட்சுதா இல்லை, கசுவோ மியாகாவா. தெருவின் இரு பக்கத்துத் தாழ்வாரங்களில் நின்று நாடகக்காரரும் அவர் துணைவியும் ஏசிக்கொள்ளும் காட்சியில் இருவருக்கும் நடுவே கொட்டும் மழை. யார் எங்கே நிற்கிறார் என்ற குழப்பத்துக்கே அங்கே இடமில்லை. முடிந்தால் அதே கதையை அவரே 1934இல் எடுத்த மௌன வடிவத்தையும் அடுத்தடுத்த நாளில் போட்டுவிடுங்கள். எதை வைத்துக்கொண்டார், எதைக் கழித்தார் என்பது எங்கள் விளக்கத்தைவிட அதில் நன்றாகத் தெரியும்.